சாஸ்கட்டூன் பெர்ரிச் செடி நம் மலையில் வருமா?

கேத்தி மேட்டுத்தோட்டம் | நவம்பர் 3

எல்லோருக்கும் வணக்கம். நீலகிரியில், கேத்தியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பதினைந்து சென்ட் இடம் இருக்கிறது. மேல்பாதியில் கேரட், பீன்ஸ். வேலியோரம் இரண்டு பிளம்ஸ், ஒரு லக்கோட்டா, மாமனார் காலத்துப் பேரி மரம் ஒன்று. கீழ்ப்பாதி சும்மா கிடக்கிறது.

போன ஜூலையில் கனடாவில் இருக்கும் அக்கா மகள் வீட்டில் ஒன்றரை மாதம் தங்கியிருந்தேன். ஊர் சாஸ்கட்டூன். ஆற்றங்கரைச் சரிவெல்லாம் ஆளுயரப் புதர்கள், கொத்துக் கொத்தாகக் கருநீலப் பழம். பழத்துக்கும் சாஸ்கட்டூன் என்றுதான் பெயர். அங்குள்ள கிரீ பழங்குடி மக்களின் சொல் அது. பழத்தின் பெயரைத்தான் ஊருக்கு வைத்திருக்கிறார்கள். காய்ந்த காட்டெருமை இறைச்சியையும் கொழுப்பையும் இந்தப் பழத்தோடு இடித்து, குளிர்காலத்துக்குச் சேர்த்து வைப்பது அவர்களுடைய பழைய வழக்கமாம். மற்ற இடங்களில் இதைச் சர்வீஸ்பெர்ரி, ஜூன்பெர்ரி என்றும் சொல்கிறார்கள். இனிப்பு, லேசான துவர்ப்பு, விதையைக் கடித்தால் பாதாம் வாசம். தினமும் ஒரு கிண்ணம் பறித்துத் தின்றேன்.

ஒரு பாட்டில் ஜாம் கொண்டுவந்தேன். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இது நாங்கள் மாடு மேய்க்கப் போகும்போது தின்ற பழம் மாதிரி இருக்கிறதே" என்றார். எந்தப் பழம் என்று கேட்டால் பெயர் நினைவுக்கு வரவில்லை. ஆனால் பாட்டிலைக் காலி செய்துவிட்டார்.

அந்தக் கீழ்ப்பாதியில் இதை வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. யாராவது வளர்த்திருக்கிறீர்களா? அக்கா மகள் கவரில் விதை போட்டு அனுப்பட்டுமா என்று கேட்கிறாள்.

வில்பட்டி பேரிக்காய் | நவம்பர் 3

வணக்கம் அக்கா. கொடைக்கானல் பக்கம் வில்பட்டியில் மூன்று தலைமுறையாகப் பேரி வைத்திருக்கிறோம். சாஸ்கட்டூன் நான் வளர்த்ததில்லை. ஆனால் அது பேரி, ஆப்பிள் குடும்பம்தான், ரோஜாக் குடும்பம். பெர்ரி என்று பெயர் இருந்தாலும் பழத்தை அறுத்துப் பார்த்தால் குட்டி ஆப்பிளின் அமைப்புதான். அதனால் பேரியில் நாங்கள் படும் பாடு அதற்கும் பொருந்தும்.

முதலில் குளிர்க் கணக்கு. இந்தக் குடும்பத்தில் பேரி, ஆப்பிள் போன்ற குளிர்நாட்டு மரங்கள் இலை உதிர்த்துத் தூங்கும். தூக்கம் முழுதாக முடிய, 7 டிகிரிக்குக் கீழே இத்தனை மணி நேரம் இருந்தாக வேண்டும் என்று ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு தேவை உண்டு. குளிர்நாட்டு ஆப்பிள் ரகங்கள் பலவற்றுக்கு 800 முதல் 1000 மணி நேரம். சாஸ்கட்டூன் ஊரில் நவம்பரிலிருந்து மார்ச் வரை சராசரி வெப்பமே உறைநிலைக்குக் கீழே. அந்த மண்ணில் பழகிய செடி அது.

நம் மலையில் ராத்திரி குளிர்கிறது, பகலில் 20 டிகிரி வெயில் அடிக்கிறது. ராத்திரி சேர்த்த குளிரில் ஒரு பங்கை மதிய வெயில் அழித்துவிடும். இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஊட்டியில் உறைபனி விழுகிறதே, அது போதாதா என்பார்கள். உறைபனி என்பது விடியற்காலை இரண்டு மூன்று மணி நேரம். செடி கேட்பது நாள் முழுக்க நீளும் குளிர்.

மணிக்கு ஒரு முறை தானே பதிந்துகொள்ளும் சின்ன தெர்மாமீட்டர் கிடைக்கிறது. கீழ்ப்பாதியில் ஒரு குச்சி நட்டு நிழலில் கட்டி, பிப்ரவரி வரை விடுங்கள். செடி வாங்குவதை அப்புறம் பார்க்கலாம்.

ஃபெர்ன்ஹில் தொட்டி | நவம்பர் 4

நான் வளர்க்கிறேன், ஏழாவது வருடம். சிம்லா பக்கம் ஒரு நண்பரின் தோட்டத்திலிருந்து மூன்று வேர்க்கன்று வந்தது. ஒன்று முதல் மழையிலேயே போய்விட்டது. இரண்டு இருக்கின்றன, ஒன்று தரையில், ஒன்று பெரிய தொட்டியில்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். செடி சாகாது. உயரமும் வரும், எனக்கு இரண்டு மீட்டர் வந்திருக்கிறது. அடியிலிருந்து பக்கக்கன்று விட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் வசந்தத்தில் ஒரே மூச்சில் துளிர்க்காது. பிப்ரவரியில் நுனியில் மட்டும் ஒரு குஞ்சம் இலை. நடுக்கிளை மொட்டையாக நிற்கும். ஏப்ரலில் இங்கே நான்கு இலை, அங்கே நான்கு இலை. பூவும் அப்படித்தான். அந்த நாட்டுப் படங்களில் செடி முழுக்க வெள்ளைப் போர்வை போர்த்தியது மாதிரி இருக்கும். எனக்கு ஆறு வருடத்தில் அதிகம் பூத்த வருடம் பதினோரு கொத்து. ஐந்து இதழ், மெலிந்த நீண்ட இதழ், அவ்வளவு அழகு. தன் மகரந்தத்திலேயே காய்க்கும் செடி என்பதால் அந்தப் பதினோரு கொத்தில் ஒரு கைப்பிடி பழம் வந்தது. அது வருவதற்குள் கொண்டைக்குருவி பாதியைத் தின்றுவிட்டது.

பெரிய தொல்லை மழை. ஜூன் பிறந்ததும் இலையில் பழுப்புப் புள்ளி, புள்ளியைச் சுற்றி மஞ்சள், ஆகஸ்டில் பாதி இலை தரையில். எண்டோமோஸ்போரியம் என்ற பூஞ்சணம். கனடாவிலேயே மழை மிகுந்த வருடங்களில் விவசாயிகளை வாட்டுவது இதுதான். லக்கோட்டாவிலும் பேரியிலும் இதே பூஞ்சணம் வரும். அக்கா வீட்டில் இரண்டும் இருக்கின்றன. லக்கோட்டா இலையில் நடுவே சாம்பல் நிறமும் ஓரம் சிவப்புமாகச் சின்னப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பூஞ்சணம் ஏற்கெனவே உங்கள் தோட்டத்தில் குடியிருக்கிறது.

அடுத்தது மண். நம் தேயிலை மண் புளிப்பு மண், கார அமில அளவு 5 பக்கம். புளூபெர்ரிக்கு அது தோது. சாஸ்கட்டூன் 6, 7 கேட்கும். கேரட்டுக்கும் முட்டைக்கோசுக்கும் போடுகிற டோலமைட் சுண்ணாம்புத்தூளையே நான் குழிக்கு ஒரு கிலோ போட்டேன். போட்ட வருடம் இலைப் பச்சை நன்றாகத் தெளிந்தது.

கேத்தி மேட்டுத்தோட்டம் | நவம்பர் 5

ஃபெர்ன்ஹில் அண்ணா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு மிகவும் நன்றி. லக்கோட்டா இலையைப் போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்ன புள்ளியேதான். இத்தனை வருடம் அதைச் சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போட்டிருக்கிறேன்.

தெர்மாமீட்டருக்குச் சொல்லிவிட்டேன். விதையிலிருந்து வளர்த்தால் நம் குளிருக்குப் பழகி வராதா?

ஃபெர்ன்ஹில் தொட்டி | நவம்பர் 5

விதை முளைக்கவே குளிர் வேண்டும் அம்மா. ஈர மணலில் கலந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூன்று நான்கு மாதம் வைக்க வேண்டும். அது பரவாயில்லை, செய்துவிடலாம். ஆனால் விதைச்செடி பழம் தர ஐந்து வருடத்துக்கு மேலும் ஆகலாம், குளிர்த் தேவையும் தாய்ச்செடியை ஒட்டித்தான் இருக்கும். நூறு விதை போட்டு அதில் ஒன்று இரண்டு மாறுபட்டு வரலாம் என்பது ஆராய்ச்சி நிலையத்து வேலை. பதினைந்து சென்டில் முடியாது.

விதைப்பெட்டி | நவம்பர் 6

எல்லாரும் வளர்ப்பு பற்றியே பேசுகிறீர்கள். கவரில் விதை அனுப்புவது பற்றி யாரும் சொல்லவில்லை. தயவுசெய்து வேண்டாம். 2003ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி, வெளிநாட்டிலிருந்து விதையோ கன்றோ கொண்டுவர முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வேண்டும். அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வந்து இறங்கும் இடத்தில் சோதனையும் உண்டு. வீட்டுக்கு ஒரு கைப்பிடிதானே என்றாலும் இதே விதிதான்.

இதை வெறும் காகித வேலை என்று நினைக்காதீர்கள். ஆப்பிள், பேரி மரங்களைக் கருக்கும் தீக்கருகல் நோய் என்ற பாக்டீரியா நோய் வட அமெரிக்காவில்தான் முதலில் தெரியவந்தது. அங்கிருந்து கடல் தாண்டி 1957இல் இங்கிலாந்தில் பேரி மரத்தில் தென்பட்டது, பிறகு ஐரோப்பா முழுக்கப் போனது. சர்வீஸ்பெர்ரியும் அந்த நோய் தங்கும் செடிகளில் ஒன்று. கன்றும் ஒட்டுக்குச்சியும் விதையைவிடப் பெரிய ஆபத்து.

வில்பட்டி பேரிக்காய் | நவம்பர் 6

இதைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. தீக்கருகல் பற்றி ஒரு பயிற்சியில் படம் காட்டினார்கள். பூவில் நுழைந்து ஒரே பருவத்தில் கிளை முழுக்கக் கருகி, நுனி கொக்கி மாதிரி வளைந்து நிற்கும். நம் மலைப் பேரி மரங்கள் எல்லாம் வயதானவை, நெருக்கமாக நிற்பவை. அக்கா, நாட்டுக்குள்ளேயே இருக்கிற செடியிலிருந்து கன்று எடுக்கலாம். வெளியிலிருந்து எதுவும் வேண்டாம்.

கேத்தி மேட்டுத்தோட்டம் | நவம்பர் 7

அக்கா மகளிடம் சொல்லிவிட்டேன், அனுப்ப மாட்டாள். சொன்னது நல்லது, எனக்கு இது தெரியாது.

குன்னூர் ரயில்பாதை | நவம்பர் 9

என் பங்குக்கு இரண்டு விஷயம். நான் குன்னூரில் சரிவில் இருக்கிறேன். பழம் பழுக்கும் செடி எதை வைத்தாலும் கரடி வரும். போன வருடம் பேரி மரக் கிளையை ஒடித்து, தேன்பெட்டியை உருட்டி, சமையலறை ஜன்னல் வரை வந்துவிட்டது. வீட்டுச் சுவரோரம் பழப்புதர் வைக்காதீர்கள். தள்ளியே வையுங்கள், பழுத்ததை அன்றன்றே பறித்துவிடுங்கள்.

இன்னொன்று மாடு. சர்வீஸ்பெர்ரி இலையிலும் கொழுந்திலும் புருனாசின் என்ற பொருள் இருக்கிறது. மென்றால் வயிற்றில் சயனைடாக மாறும். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மேயும் மாடுகள் இளங்கொழுந்தைத் தின்று செத்திருக்கின்றன. வீட்டில் பசு இருந்தால் கவாத்து செய்த குச்சியைத் தொழுவத்துப் பக்கம் போடக் கூடாது. பழச்சதையைப் பற்றிப் பயப்பட வேண்டாம், சமைத்தால் விதையும் பாதுகாப்பு.

சோலைநாற்று | நவம்பர் 12

நான் சோலை மரக் கன்றுகளும் புல்வெளிச் செடிகளும் வளர்க்கிறேன். இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், யாரும் வருத்தப்பட வேண்டாம்.

இந்த மலைக்கு ஆசையாகக் கொண்டுவந்த செடிகளால்தான் நம் புல்வெளி போனது. கார்ஸ் முட்புதரும் ஸ்காட்ச் புரூமும் மஞ்சள் பூவின் அழகுக்காகவும் வேலிக்காகவும் வெள்ளைக்காரர் காலத்தில் வந்தவை. சீகை மரம், அதுதான் வாட்டில், பட்டைக்கும் விறகுக்கும் வந்தது. இன்று மேல் நீலகிரியில் எந்த மேட்டில் ஏறினாலும் இவை இருக்கின்றன. பிடுங்கினால் விதை மண்ணுக்குள் பல வருடம் கிடந்து திரும்ப முளைக்கிறது. நான் பன்னிரண்டு வருடமாகப் பிடுங்குகிறேன், கையில் தழும்பு இருக்கிறது.

சர்வீஸ்பெர்ரி பறவை தின்று பரப்பும் செடி. பக்கக்கன்றும் விடும். இரண்டும் சேர்ந்த செடியைப் புல்வெளியோரத்தில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வில்பட்டி பேரிக்காய் | நவம்பர் 12

அண்ணா, உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் ஏழு வருடத்தில் பதினோரு கொத்துப் பூத்த செடி எப்படிப் படையெடுக்கும்? குளிர் போதாத செடி விதையே சரியாக வைக்காது. பேரி நம் மலையில் நூறு வருடத்துக்கு மேல் இருக்கிறது, காட்டுக்குள் போகவில்லையே. தொட்டியில் ஒரு செடி வைத்து ஆசையைத் தீர்த்துக்கொள்வதில் என்ன கெடுதல்? புதிது எதுவுமே வேண்டாம் என்றால் நாம் இன்று விற்கும் கேரட்டும் உருளையும் பேரியும் எதுவும் இருந்திருக்காது.

சோலைநாற்று | நவம்பர் 13

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பூக்காத செடி பரவாது. ஆனால் பூக்கிற ஒரு செடி, ஒரு ரகம், என்றைக்காவது கிடைக்கும். அதைத்தான் எல்லாரும் தேடுவோம், அதைத்தான் பதியம் போட்டு அக்கம்பக்கம் கொடுப்போம். நம் இடத்துக்குப் பொருந்துகிற செடியைத் தேர்ந்தெடுப்பதும் பரவக்கூடிய செடியைத் தேர்ந்தெடுப்பதும் பல நேரம் ஒரே வேலை.

ஒரு உதாரணம். நம் புல்வெளியோரம் இருக்கும் மஞ்சள் முள்ளிப்பழம் ஹவாய்த் தீவுக்குப் போய் அங்கே காட்டையே மூடியிருக்கிறது. உலகின் மிக மோசமான 100 அயல் உயிரினங்கள் என்ற பட்டியலில் அது இருக்கிறது. நம் தவிட்டுப்பழம் ஃபுளோரிடாவிலும் ஹவாயிலும் பெரிய களை, அதுவும் அழகுச் செடியாகப் போனதுதான். இங்கே அடக்கமாக நிற்கிற செடி வேறு ஊரில் என்ன செய்யும் என்று அங்கே போகும்வரை தெரியாது.

அக்கா, உங்கள் அம்மா சொன்னதை முதல் பதிவில் படித்தேன். மாடு மேய்க்கும்போது தின்ற பழம். தவிட்டுப்பழமாக இருக்குமோ?

கேத்தி மேட்டுத்தோட்டம் | நவம்பர் 13

அண்ணா, அம்மாவிடம் பெயரைச் சொன்னேன். கையைத் தட்டினார்! தவிட்டுப்பழம், தவிட்டுக்கொய்யா என்று நான்கைந்து தடவை சொல்லிக்கொண்டார். ரோஸ் நிறப் பூ, இலைக்கு அடியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி, பழத்தைப் பிதுக்கினால் கருஞ்சிவப்புச் சதை, வாயெல்லாம் நீலம். வீட்டுக்கு வந்ததும் பாட்டி நாக்கை நீட்டச் சொல்லி, எந்த மேடு வரை போனார்கள் என்று கண்டுபிடிப்பாராம். அந்த மேடு இப்போது முழுக்க வீடுகள்.

சந்தையில் டம்ளரில் அளந்து விற்பதை நானே பார்த்திருக்கிறேன். வாங்கியதில்லை. அம்மாவுக்கு அது வேண்டியிருக்கும் என்று தோன்றவேயில்லை.

ஆனாலும் சாஸ்கட்டூன் ஆசை போகவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா. தெர்மாமீட்டர் கட்டியாகிவிட்டது. பிப்ரவரியில் வருகிறேன்.

ஃபெர்ன்ஹில் தொட்டி | நவம்பர் 14

நானும் ஒன்று முயலப்போகிறேன். கனடாவில் சாஸ்கட்டூனைக் கொட்டோனியாஸ்டர் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டுவது உண்டு. நம் மலையிலேயே இயல்பாக வளரும் கொட்டோனியாஸ்டர் இனம் இருக்கிறது, பாறையோரம் சின்ன இலையோடு சிவப்புப் பழம் வைத்து நிற்கும். அதில் ஒட்டினால் புளிப்பு மண்ணைத் தாங்கும் என்று ஒரு எண்ணம். பக்கக்கன்றுத் தொல்லையும் இருக்காது, அது சோலைநாற்று ஐயாவுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

இலை உருவுவதையும் பார்க்க வேண்டும். இந்தோனேசியாவில் ஜாவாவின் பாத்து மலையூரில் குளிர்காலமே கிடையாது. அங்கே அறுவடை முடிந்ததும் ஆப்பிள் மரத்தின் இலைகளைக் கையால் உருவிவிடுகிறார்கள். தூக்கம் ஆழமாவதற்கு முன்பே மொட்டு விழித்துவிடும். வருடத்துக்கு இரண்டு அறுவடை கூட எடுக்கிறார்கள். தொட்டிச் செடியில் இந்த நவம்பரில் செய்கிறேன்.

குன்னூர் ரயில்பாதை | நவம்பர் 14

பழ ஆசைக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஷார்ப்புளூ, மிஸ்டி போன்ற புளூபெர்ரி ரகங்களை ஃபுளோரிடாவில் குறைந்த குளிருக்கென்றே உருவாக்கினார்கள். அவற்றுக்கு 150 முதல் 300 மணி நேரக் குளிர் போதும், நம் புளிப்பு மண்ணும் ஒத்துவரும். நாட்டுக்குள்ளேயே கன்று விற்கிறார்கள். தொட்டியில் வைத்து வலை போட்டால் குருவிக்கும் போகாது. எனக்கு இரண்டு வருடமாகக் காய்க்கிறது.

கேத்தி மேட்டுத்தோட்டம் | பிப்ரவரி 18

சொன்னபடி வந்துவிட்டேன். நவம்பர் 15 முதல் பிப்ரவரி 15 வரை, 7 டிகிரிக்குக் கீழே மொத்தம் 412 மணி நேரம். ஜனவரி நடுவில் ஒன்பது நாள் உறைபனி. மிகக் குறைந்தது 0.5 டிகிரி. அப்புறம் வில்பட்டித் தம்பி சொன்ன மதிய வெயில். 93 நாளில் 71 நாள் 18 டிகிரியைத் தாண்டியிருக்கிறது. குச்சியை நட்டபோது 800 வரும் என்று மனதுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது.

அதே தோட்டத்தில் மேல்பாதியில் இன்னொரு தெர்மாமீட்டர் வைத்தேன். அங்கே 290 தான். முப்பது அடி இறக்கத்தில் இவ்வளவு வித்தியாசம். ராத்திரி குளிர்காற்று கீழே இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. பிளம்ஸை மேலே வைத்தது தவறு என்று இப்போது தெரிகிறது, அவற்றுக்குத்தான் கீழ்ப்பாதி தேவைப்பட்டிருக்கிறது.

வில்பட்டி பேரிக்காய் | பிப்ரவரி 18

அக்கா, இந்தக் கணக்கு எங்களுக்கெல்லாம் உதவும். இரண்டு இடத்தில் வைத்தது மிக நல்ல யோசனை. 412 என்பது நாட்டுப் பேரிக்கும் பிளம்ஸுக்கும் தாராளம். சாஸ்கட்டூனுக்குப் போதாது என்றுதான் நானும் சொல்வேன். நவம்பரில் சோலைநாற்று அண்ணாவிடம் எதிர்த்துப் பேசினேன், தொட்டியில் வைப்பதில் தப்பில்லை என்பதில் இன்றும் மாறவில்லை. ஆனால் கீழ்ப்பாதி முழுக்க அதை நம்பி விடாதீர்கள்.

ஃபெர்ன்ஹில் தொட்டி | பிப்ரவரி 20

இலை உருவிய செடி பற்றி. நவம்பர் 20 அன்று உருவினேன். ஜனவரிக் கடைசியில் நடுக்கிளையிலும் மொட்டு உப்பியது, முதல் தடவையாக. இன்று எண்ணினேன், பத்தொன்பது கொத்து மொட்டு. தரையில் இருக்கும் செடியில் மூன்று. ஒட்டுக் கட்டியதில் ஐந்தில் இரண்டு பிடித்திருக்கிறது, அது தாங்குமா என்று இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும். பூத்து முடிந்ததும் வலை போடுவேன், ஒரு பழமும் குருவிக்குப் போகாது. பழத்தை எண்ணிப் பறித்து விதையை அடுப்பில் போடுகிறேன், சோலைநாற்று ஐயாவுக்கு இது என் வாக்கு.

மார்ச் முதல் வாரம் பூ விரியும். கேத்தி அம்மா, உங்கள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.

சோலைநாற்று | பிப்ரவரி 20

வலை போடுவதற்கு மிகவும் நன்றி. பழத்தை நானும் ஒன்று தின்று பார்க்க ஆசைப்படுகிறேன்.

அக்கா, என்னிடம் தவிட்டுப்பழ நாற்று முப்பது இருக்கிறது, புல்வெளியோர விதையிலிருந்து வந்தவை, இரண்டு வயது. டோலமைட் போட வேண்டாம், புளிப்பு மண்ணே அதற்கு நல்லது. நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. தொழுவுரம் ஒரு கை போதும், மிஞ்சினால் இலைதான் வரும். ஆனால் ஒரு கேள்வி. உங்கள் கீழ்ப்பாதி பள்ளம், உறைபனி தேங்குகிற இடம். இளம் நாற்று உறைபனியில் கருகும். மேல்பாதியில் இடம் விட முடியுமா?

கேத்தி மேட்டுத்தோட்டம் | பிப்ரவரி 21

முடியும். பீன்ஸ் பாத்தியை எடுத்துவிடுகிறேன். பிளம்ஸ் கன்று புதிதாக இரண்டு கீழே வைக்கிறேன். பன்னிரண்டு நாற்று போதும் அண்ணா, மற்றதை வேறு யாருக்காவது கொடுங்கள். மார்ச் முதல் ஞாயிறு காலையில் ஃபெர்ன்ஹில் வந்து பூவைப் பார்த்துவிட்டு, அப்படியே உங்கள் இடத்துக்கு வருகிறோம். அம்மா இப்போதே எந்தப் புடவை என்று கேட்கிறார். வண்டியில் இரண்டு பேர், நாற்றுத் தட்டு மடியில் வைத்துக்கொள்வார்.